நாற்பத்தேழாம் நம்பரும் இரண்டாவது கூம்பும்

போன வருடம் சித்திரை மாதக் கடைசி. உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகிற வழியில் ஏரி ஓரமாக ஒரு கிராமம், பெயர் வேண்டாம். நவரை அறுவடை முடிந்த நேரம் என்பதால் அங்கே நெல் கொள்முதல் நிலையம் திறந்திருந்தார்கள். சுற்றுவட்டார நெல் முழுக்க அந்த ஒரே மைதானத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. டோக்கன் நம்பர் கூப்பிடுவதற்கு மைக் செட் போட்டவன் நான்.

எனக்கு இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடப் பழக்கம். காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா, சாவு, தேர்தல் என்று நான் கூம்பு ஸ்பீக்கர் கட்டாத இடமே இந்தப் பக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு நான் பட்ட அவமானத்துக்கு இந்த இருபத்திரண்டு வருடமும் அதன் தலைக்கனமும்தான் காரணம்.

கொள்முதல் நிலையத்தில் வழக்கம் இதுதான். வருகிற வரிசைப்படி டோக்கன் கொடுப்பார்கள். எடை போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் நம்பரை மைக்கில் மூன்று தடவை கூப்பிடுவார். ஆள் வந்தால் நெல்லைத் தூற்றி, மூட்டை பிடித்து, எடை போடுவார்கள். வராவிட்டால் அடுத்த நம்பர். விட்டுப்போனவர் வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். நாள்கணக்கில் காத்துக்கிடக்கிற இடத்தில் இப்படிக் கறாராக இல்லாவிட்டால் அடிதடிதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

முதல் இரண்டு நாள் ஒரே கூம்புதான் கட்டியிருந்தேன். ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்றாம் நாள் குவியல்கள் ஏரிக்கரை வரைக்கும் நீண்டுவிட்டன. எழுத்தர் என்னைக் கூப்பிட்டு, "மைக்கு, அந்தக் கோடியில கீறவங்களுக்கும் கேக்கணும். இன்னொரு குழா கட்டிடு" என்றார்.

இன்னொரு கூம்பு என்னிடம் இருந்தது. ஆனால் ஊமை. அதற்கு முந்தின வாரம் ஒரு காதுகுத்தில் தாய்மாமன் ஒருவர் என் ஆம்ப்ளிபயரின் குமிழை யாரையும் கேட்காமல் கடைசி வரைக்கும் திருகிவிட்டார். கூம்பின் பின்னால் கனமாக ஒரு உருண்டை இருக்குமே, அதை நாங்கள் யூனிட் என்போம். அதற்குள் காந்த இடுக்கில் வளையல் அகலத்தில் ஒரு மெல்லிய சவ்வு உட்கார்ந்திருக்கும். அதுதான் டயாபிரம். அது அதிர்ந்தால்தான் சத்தம். தாய்மாமன் புண்ணியத்தில் அதைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகி, யூனிட்டைத் திறந்தாலே தீய்ந்த வாடை அடித்தது.

காஞ்சிபுரத்துக்கு வண்டியை விட்டேன். நான் எப்போதும் கம்பெனி டயாபிரம்தான் போடுவேன். கடைக்காரர் அது கைவசம் இல்லை, வர பத்து நாளாகும் என்றார். பிறகு கண்ணாடித்தாள் உறையில் போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். வேறு யாரோ செய்தது, எல்லா யூனிட்டுக்கும் பொருந்துமாம். அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மாதிரிச் சரக்கு போட்டால் நாலு நாளில் பல்லைக் காட்டிவிடும் என்று நானே எத்தனையோ பேருக்கு உபதேசம் செய்திருக்கிறேன். ஆனால் எழுத்தர் அங்கே காத்துக்கொண்டிருக்கிறாரே, வேறு வழி?

பொட்டலம் கட்டிக்கொண்டே கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். "இதுல செவப்புப் புள்ளிய நம்பி மாட்டிடாதண்ணா. ஒரு பென்சில் செல்லு வெச்சி எந்தப் பக்கம் எகிறுதுன்னு பாத்துட்டு அப்பறம் மூடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் யூனிட் திறந்து மூட ஆரம்பித்தபோது இந்த ஆள் கடையே வைக்கவில்லை. எனக்குப் பாடம் எடுக்கிறாரா? சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து வேலையைச் சுத்தமாகத்தான் செய்தேன். காந்த இடுக்கில் இருந்த கரித்தூளை ஒட்டும் டேப்பின் முனையால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். புது டயாபிரத்தை உட்கார வைத்து, காயில் எங்கும் உரசாமல் இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்து, திருகாணிகளை எதிரெதிராக முடுக்கினேன். பிளஸ் பக்கத்தைக் காட்டுகிற சிவப்புப் புள்ளியை யூனிட்டின் சிவப்பு முனைக்கு நேராக வைத்தேன். செல் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. வீட்டிலேயே மைக்கில் ஊதிப் பார்த்தேன், கணீரென்று இருந்தது. அக்கம்பக்கத்தில் திட்டினார்கள். மைக் செட்காரனுக்கு அதைவிட நற்சான்று வேண்டுமா?

மறுநாள் காலை நாஷ்டாகூடச் சாப்பிடாமல் போய், இரண்டு கூம்பையும் ஒரே இரும்புக் கம்பத்தில் மேலொன்று கீழொன்றாக, இரண்டும் ஏரிக்கரையைப் பார்க்கும்படி கட்டினேன். எடை போடும் இடம் கம்பத்தடியிலேயே இருந்தது. எழுத்தர் கூப்பிட ஆரம்பித்தார். எனக்குப் பக்கத்தில் நன்றாகவே கேட்டது. ஒரு டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் முதல் புகார் வந்துவிட்டது. பின் வரிசையிலிருந்து ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்கவில்லை, சத்தம் வையுங்கள் என்றார். வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். இன்னும் வைத்தேன். மைக் கீச்சென்று கூவியது, எழுத்தர் காதைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தார். குறைத்தேன். மறுபடி ஒருவர். எனக்குப் பொறுமை போய்விட்டது. காற்று எதிர்த்து அடிக்கிறது என்றேன். டிராக்டர் சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். ஒருவரிடம், காதில் பஞ்சு வைத்திருக்கிறீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

சும்மா இருக்கவும் இல்லை. மேல் கூம்பின் வயரைக் கழற்றிவிட்டுக் கம்பத்தடியில் நின்று கீழ்க் கூம்பைக் கேட்டேன். ஜோர். கீழே கழற்றி மேலே மாட்டினேன். அதுவும் ஜோர். அப்படியானால் ஆம்ப்ளிபயருக்குத்தான் இரண்டைத் தாங்கும் தெம்பு இல்லை என்று வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெரிய ஆம்ப்ளிபயரைத் தூக்கி வந்தேன். அதே கதை. வயரை மாற்றினேன். அதே கதை. மைக்கை மாற்றினேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, வயிற்றில் ஒன்றுமில்லை, ஆளாளுக்கு வந்து கேட்கவில்லை கேட்கவில்லை என்கிறார்கள். ஒரு கட்டத்தில் கூம்பைப் பிடுங்கி ஏரியில் எறிந்துவிடலாம் போல இருந்தது. அத்தனை செய்தவன், முன்னூறு அடி நடந்து அந்தக் கோடிக்குப் போய் நின்று கேட்கவில்லை. வெயில். அதோடு, எனக்குத் தெரியாததையா இவர்கள் சொல்லிவிடப் போகிறார்கள் என்ற எண்ணம்.

பின் வரிசைக்காரர்கள் விவரமானவர்கள். ஆளுக்கு ஒரு சொந்தக்காரரைக் கம்பத்தடியில் நிறுத்திவிட்டார்கள். அதனால் புகார் நின்றது. நானோ பெரிய ஆம்ப்ளிபயர் வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். எழுத்தர் நாற்பத்தேழாம் நம்பரை மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. நாற்பத்தெட்டு வந்தது, எடை நடந்தது. ஐம்பது, ஐம்பத்தொன்று என்று போய்க்கொண்டிருந்தது. மேற்கே லேசாகக் கறுக்க ஆரம்பித்தது.

மூன்றரை மணிக்கு ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் டோக்கன் சீட்டு. நாற்பத்தேழு எப்போது வரும் என்று கேட்டார். அது எப்போதோ போய்விட்டது, கடைசியில் போய் நில்லுங்கள் என்றார் எழுத்தர்.

அந்தம்மா முகம் போன போக்கை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. ஒண்டி ஆள். குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர். நாலு நாளாகக் குவியலைவிட்டு நகர முடியவில்லை, நகர்ந்தால் ஆடு வாய் வைத்துவிடும். கம்பத்தடியில் நிறுத்த அவருக்கு ஆள் கிடையாது. அதைவிட மோசம், மேலே மூடியிருந்த படுதா இரவல். இன்றைக்கு எப்படியும் எடை முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் மதியமே அதைக் கொடுத்தவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நெல் திறந்து கிடக்கிறது, மேற்கே மேகம்.

"நான் அங்கியேதான் சார் கீறேன். கூப்டவே இல்ல" என்றார்.

எழுத்தர் என் பக்கம் திரும்பி, மைக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது.

"சார், இந்த மைக்கு செய்யாறு வரைக்கும் கேக்கும். இந்தம்மா நல்லா தூங்கிக்கினு இருந்துட்டு இப்ப வந்து கத சொல்றாங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தம்மா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். சத்தம் போடவும் இல்லை.

"நேத்து ஒரு குழா வெச்சிருந்த, நல்லா கேட்டுது. இன்னிக்கி ரெண்டு வெச்சிக்கீற, ஒன்னுமே கேக்கல. நீ எங்கூட வாண்ணா. எங்க நெல்லாண்ட நின்னு கேட்டுட்டு, அப்பறம் சொல்லு நான் தூங்கினேன்னு."

ஒன்றைவிட இரண்டு குறைவாகக் கேட்குமாம். இதைவிடக் கிறுக்குத்தனமான பேச்சை நான் கேட்டதில்லை என்று நினைத்தேன். ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, போய் நின்று இந்தம்மா வாயை அடைத்துவிட்டு வருவோம் என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நடந்தேன். எழுத்தரிடம் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பத்துப் பன்னிரண்டு குவியல் தாண்டியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவருடைய குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது சந்தேகமே இல்லை. தூரத்தில் எழுத்தர் மைக்கை வாயருகே பிடித்திருக்கிறார், வாய் அசைகிறது. எனக்குக் கேட்டதெல்லாம் கொசு மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல். எண் எது, பேச்சு எது என்று பிரிக்க முடியவில்லை. ஏரியில் கொக்கு கத்துவது அதைவிட நன்றாகக் கேட்டது.

அந்தம்மா குனிந்து, குவியலிலிருந்து சிதறிய நெல்லைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எழுத்தருக்கு போன் போட்டு, மேல் கூம்பின் வயரை மட்டும் பிடுங்கச் சொன்னேன். ஏன், எதற்கு என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பிடுங்கினார். அடுத்த நிமிஷம், "ஐம்பத்தாறு, டோக்கன் நம்பர் ஐம்பத்தாறு" என்று மைதானம் முழுக்க அதிர்ந்தது. பக்கத்தில் நின்றிருந்த ஆடு திடுக்கிட்டு ஓடியது. ஒரு கூம்பைப் பிடுங்கியதும் சத்தம் கூடிவிட்டது. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

அதே நேரத்தில் என் கையில் முதல் சொட்டு விழுந்தது.

"ஐயோ, மய" என்று அந்தம்மா தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து நெல்மேல் விரித்தார். அத்தனை பெரிய குவியலுக்கு ஒரு துண்டு. திரும்பிக் கம்பத்தை நோக்கி ஓடினேன். என் ஆம்ப்ளிபயர், பெட்டிகள் எல்லாவற்றையும் மூட நான் வைத்திருந்த பெரிய படுதா வண்டியில் இருந்தது. அதை உருவிக்கொண்டு மறுபடி ஓடினேன். பின்னாலிருந்து எழுத்தர், மிஷினெல்லாம் நனையுதே மைக்கு, என்று கத்தினார். நீங்களே ஏதாவது போட்டு மூடுங்கள் சார் என்று கத்திவிட்டுப் போனேன். அவர் நாற்காலியைக் கவிழ்த்து மூடினார் என்று பிறகு தெரிந்தது.

நாங்கள் இரண்டு பேரும் படுதாவை இழுத்து மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காற்று ஒரு பக்கம் தூக்க, நான் அந்த முனைமேல் உட்கார்ந்துவிட்டேன். எதிர் முனையில் அவர் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிஷம் பெய்திருக்கும். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். திட்டுவார், திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, படுதாவின் ஓரத்தில் நெல் நனைகிற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிப் பக்கத்துச் சரிவில் தண்ணீர் புகுந்து, குவியலில் கால்வாசி நனைந்துவிட்டது.

மழை விட்டதும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நாளைக்கி ஒரு குழாயிலியே கூப்டச் சொல்லு."

அன்று சாயங்காலம் இரண்டு யூனிட்டையும் திறந்து, கடைக்காரர் சொன்னபடி பென்சில் செல்லை வைத்துப் பார்த்தேன். முதல் கூம்பின் பழைய டயாபிரம் முன்னால் எகிறியது. அதே மாதிரி செல்லை வைத்தால் புதியது பின்னால் போனது. சிவப்புப் புள்ளியை எதிர் முனையில் வைத்திருக்கிறார்கள். கதவை இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் ஒரே நேரத்தில் தள்ளினால் கதவு எங்கே அசையும்? ஒரு கூம்பு காற்றைத் தள்ள, இன்னொன்று அதே காற்றை இழுத்திருக்கிறது. கம்பத்தடியில் நிற்கிற எனக்குக் கீழ்க் கூம்பின் சத்தம் முந்திக்கொண்டு கேட்கிறது. தூரத்தில் நிற்பவருக்கு இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே உத்தமம். இரண்டு வயரை இடம் மாற்றி மாட்டினேன், ஐந்து நிமிஷ வேலை. இரண்டும் சேர்ந்து தெருவையே தூக்கியது.

சரக்கு மட்டம் என்று பழியைப் போட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? முடியவில்லை. அந்த டயாபிரம் இன்று வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் காலையிலிருந்து காற்று, டிராக்டர், ஆம்ப்ளிபயர், அடுத்தவர் காது என்று கூடத்தில் ஒரு மூலை விடாமல் கோணல் கண்டுபிடித்திருக்கிறேன்.

மறுநாள் காலை எழுத்தரிடம் விஷயத்தைச் சொல்லி, நாற்பத்தேழை முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் மசியவில்லை. காத்திருப்பவர்கள் சரி என்றால் எனக்கென்ன, அவர்களிடமே கேள் என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். ஆயிரம் தடவை ஹலோ மைக் டெஸ்டிங் சொன்ன வாய்தான், ஆனால் அன்றைக்கு அதைக்கூடச் சொல்லாமல் நேராக ஆரம்பித்தேன்.

"எல்லாரும் கேளுங்க. நேத்து நாப்பத்தேழாம் நம்பர் அம்மா தூங்கல. கூப்டது அவங்களுக்குக் கேக்கல. தப்பு என் குழாயில. நான்தான் தப்பா மாட்டிட்டேன். அவங்க நெல்ல மொதல்ல எடுத்துக்கட்டும்னு உங்கள கேட்டுக்கறேன்."

அன்றைக்கு முதல் நம்பர் வைத்திருந்தவர் எழுந்து வந்தார். நீ தப்பா மாட்டினதுக்கு நான் எதற்குக் காத்துக்கிடக்க வேண்டும் என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். நியாயம்தான், நின்று வாங்கிக்கொண்டேன். கடைசியில், "சரி, போடச் சொல்லு. ஒரே பேஜாரா பூட்ச்சி உன்னால" என்று எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் மைக்கில் நாற்பத்தேழு என்று கூப்பிட்டேன். ஒரு தடவைதான். அந்தக் கோடியில், ஏரிக்கரை ஓரத்தில், ஒரு கை உயர்ந்தது.

காய்ந்த நெல்லை அன்றைக்கே எடை போட்டார்கள். நனைந்ததை ஈரப்பதம் அதிகம் என்று எடுக்கவில்லை. அதை இரண்டு நாள் என் படுதாவில் விரித்துக் காய வைத்தோம். நானும் போய்க் காலால் கிளறிவிட்டேன். அதிலும் கொஞ்சம் கறுத்துப்போனதைத் தள்ளிவிட்டார்கள், அதை அவர் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார். படுதாவை மடித்துக் கொடுக்கும்போது, அன்றைக்குத் தூங்கினீர்கள் என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "வுடுண்ணா" என்றார். விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை, முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் எந்த டயாபிரம் வாங்கினாலும் செல் வைத்துப் பார்க்காமல் மூடுவதில்லை. யாராவது வந்து கேட்கவில்லை என்றால் குமிழில் கை வைப்பதற்கு முன் அவர் நின்ற இடத்துக்கு நடந்துபோய் நின்று பார்க்கிறேன். வயரை இடம் மாற்றி மாட்டிக் கூம்பைச் சரிசெய்துவிட்டேன், ஆனால் நாலு நாள் கண்விழித்து நெல்லைக் காத்தவரைப் பத்துப் பேர் முன்னால் தூங்கினார் என்று சொன்ன அந்தச் சொல்லை எதை மாற்றி மாட்டினால் திரும்ப எடுக்க முடியும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.